முந்தானையில் விழுந்த கடுக்கன்

பிரேமினி 1987ஆம் ஆண்டு, இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் பிறந்தவள். தந்தை அழகுமுத்து, கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் காளியாயி மஞ்சள் காமாலையில் இறந்தபோது பிரேமினிக்குப் பதின்மூன்று வயது. தம்பி கோகுலராஜுக்கு ஐந்து. அந்த மாதமே அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். பதினெட்டு முடிந்ததும் பெயர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். இருபத்திரண்டாவது வயதில் பிரதாப்புக்கு மணம் முடித்துக் கொடுக்கப்பட்டாள். பிரதாப் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தான். மாதத்துக்கு ஒரு தடவை வந்து போனான். பிள்ளை இல்லை.

கோகுலராஜ் உயர்தரப் பரீட்சையில் தேறி, இராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்குத் தெரிவானான். அந்தத் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவர் அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 2018 டிசம்பரில் அவனுடைய பயிற்சி நிறைவு அணிவகுப்பு தியத்தலாவையில் நடந்தது. அழைப்பு அட்டை இரண்டு பேருக்கு வந்திருந்தது. அழகுமுத்துவும் பிரேமினியும் போனார்கள். பதினொரு மாதக் கைக்குழந்தை ஒன்றையும் கொண்டுபோனார்கள். குழந்தையின் பெயர் கோபிஷன்.

குழந்தையைப் பெற்றவள் ஷாமிலா. தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் அதே லயத்தில், அழகுமுத்து வீட்டிலிருந்து இரண்டு காம்பரா தள்ளி இருந்தவள்; அப்போது இருபத்தொரு வயது. தகப்பன் கோகுலராஜ். பயிற்சியில் இருப்பவன் மணம் முடிக்கக் கூடாது, பிள்ளை குட்டி என்று ஒரு பேச்சும் எழக் கூடாது என்பதால், லயத்துக்கு வெளியே யார் கேட்டாலும் பிள்ளை பிரேமினியுடையது என்று சொல்லப்பட்டது. லயத்துக்குள் எல்லாருக்கும் உண்மை தெரியும்; ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோகுலராஜ் லீவில் வந்த ஒரு நாளில் அக்காவிடம் சொல்லியிருந்தான்: "தோள்ல ஸ்டார் ஏறுற வரைக்கும் பொறுத்துக்கங்கக்கா. ஏறுன அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் எம்புள்ளன்னு தூக்குவேன்." அவன் சொன்னதைப் பிரேமினி ஷாமிலாவிடம் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஷாமிலா பெற்றாள், பால் கொடுத்தாள், பிள்ளைக்குத் தகப்பன் பெயரின் முதல் எழுத்தை வைத்தாள். சுற்றிலும் ஆள் இல்லாத நேரங்களில் பிரேமினியை அக்கா என்று கூப்பிடுவதை விட்டு, புருசனின் அக்காவைக் கூப்பிடுவதுபோல மதினி என்று கூப்பிடவும் தொடங்கினாள்.

புறப்பட்ட அன்று காலை, அழகுமுத்து சவரம் செய்துகொண்டிருந்த நேரம் பார்த்து, ஷாமிலா பீலிக்கரைக்கு வந்தாள். குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் லயத்துக்கு அந்த ஒரு பீலிதான். அங்கே இரண்டு பெண்கள் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு அவளே தைத்த நீலச் சட்டை போட்டிருந்தாள். தலையில் குளிருக்குக் கம்பளித் தொப்பி.

"மதினி, நீங்க ஒண்ணும் பேசவெல்லாம் வேணாங்க. எல்லாம் முடிஞ்ச பெறகு புள்ளய அவருட்ட குடுங்க. அவரு தூக்கி வச்சிருக்கிறாப்புல ஒரு போட்டோ. அது மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க."

"ஒரு போட்டோவ வச்சிக்கிட்டு என்னடி பண்ணப் போற?"

"எங்கண்ணன் கேக்குறாருங்க. தையில காது குத்தணும்ல? எதைக் காட்டி நான் மாமன்னு போயி ஒக்காருறதுன்னு கேக்குறாரு."

அவள் கேட்டது சிறிய காரியமல்ல என்பது பிரேமினிக்குத் தெரியும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். கோகுலராஜ் தகப்பன் என்றால், தாய்மாமன் ஷாமிலாவின் அண்ணன் கிஷாந்த், மடி அவனுடையது. வெளியில் சொல்லிவந்தபடி பிரேமினி தாய் என்றால், மடி கோகுலராஜுடையது. யார் மடியில் பிள்ளை உட்காருகிறதோ, அதைக்கொண்டே பிள்ளை யாருடையது என்பதும் ஊருக்குத் தீர்ந்துபோகும். அதன் பிறகு எந்தச் சண்டையிலும், எந்தப் பஞ்சாயத்திலும் மாற்றிச் சொல்ல முடியாது.

"எடுத்துட்டு வர்றேன்," என்றாள் பிரேமினி. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தாள். அது தாயைப் பார்த்துக் கை நீட்டவில்லை. பிரேமினியின் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அதைக் கண்டு ஷாமிலா சிரித்தாள். பிரேமினிக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வந்த சிரிப்பில் கொஞ்சம் கூடுதலாக ஏதோ இருந்தது. அதை அவள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

ஹட்டனில் ரயில் ஏறினார்கள். அழகுமுத்து வெள்ளை வேட்டியும், மகன் லீவில் வாங்கிக் கொடுத்த கோட்டும் போட்டிருந்தார். கோட்டின் உள்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். நெஞ்சுவலி மாத்திரையாக இருக்கும் என்று பிரேமினி நினைத்தாள்.

வட்டகொடையில் அம்மாக்கண்ணு என்ற பெண் ஏறி எதிரில் உட்கார்ந்தாள். பண்டாரவளையில் மகள் வீட்டுக்குப் போகிறவள். மடியில் ஒரு கோழியையும் கூடையோடு வைத்திருந்தாள். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் பேசத் தொடங்கிவிட்டாள்.

"புள்ள யாரு வூட்டுதுங்க?"

"எம்மக புள்ள," என்றார் அழகுமுத்து.

"தாயாட்டம் இல்லியே."

"மாமன உரிச்சு வச்சிருக்கான். மாமன் ஆமியில ஆபீசரு. நாளைக்குப் பட்டம் குடுக்குறாங்க. அதுக்குத்தான் போறோம்."

"நம்ம ஆளா? ஆமியிலயா?" அம்மாக்கண்ணு கோழிக்கூடையை நகர்த்தி வைத்தாள். "யாரப் பாத்துச் சுடுவாராம்?"

பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அழகுமுத்துவின் முகம் கறுத்தது. தான் கேட்டது இடக்காகப் போய்விட்டது என்று உணர்ந்த அம்மாக்கண்ணு, உடனே பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிப் பேச்சைத் திருப்பினாள்.

"சும்மா கேட்டேங்க. கோவிச்சுக்காதீங்க. ஏம்மா, மாமனுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறக்கட்டும். மாப்பிள்ள தேடி எங்கயும் அலைய வேணாம். இந்தா, கைக்குள்ளயே இருக்கான்!"

அழகுமுத்து வாய்விட்டுச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். பிரேமினி போத்தலில் பால்மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். மாமனுக்குப் பிறக்கும் பெண் இந்தப் பிள்ளைக்கு யார் என்பது அவள் ஒருத்திக்குத்தான் அந்தப் பெட்டியில் உறைத்தது. ஆனால், பெண்களுக்குள் நாகரிகமாக ஒரு வார்த்தை சொல்லிப் பேச்சை மாற்றவும் அவளால் முடியவில்லை. அதைவிட, 'எம்மக புள்ள' என்று தகப்பன் சொன்ன சொல் அவள் காதுக்குள் போய், வெளியே வராமல் உட்கார்ந்துகொண்டது. ஒன்பது வருடமாகக் கோயில் கோயிலாகப் போய்க் கேட்டு வராத சொல். பிள்ளை பால் குடித்து அவள் மார்பில் தலை சாய்த்தபோது, அம்மாக்கண்ணு, "தாய் சூடு கண்டா எந்தப் புள்ளையும் தூங்கிரும்," என்றாள். பிரேமினி தலையை ஆட்டினாள்.

அன்றிரவு அப்புத்தளையில் அழகுமுத்துவின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் தங்கி, மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனார்கள். பயிற்சிக் கழகத்தின் வாசலில் நின்ற சிப்பாய் அட்டையை வாங்கிப் பார்த்தான். இரண்டு பேர் என்று இருக்கிறதே, குழந்தை யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். பிரேமினி, "மகே" என்றாள். என்னுடையது என்று அர்த்தம். சிப்பாய் குழந்தையைப் பார்த்துக் கண்ணடித்து உள்ளே விட்டான்.

மைதானம் பெரியது. பனி முழுதாக விலகவில்லை. வாத்தியம் முழங்கத் தொடங்கியதும் பிள்ளை திடுக்கிட்டு அழுதது. பிரேமினி அதன் காதுகளைப் பொத்திப் பிடித்தாள். இளைஞர்கள் வரிசை வரிசையாக வந்தார்கள். எல்லாரும் ஒரே உயரமாக, ஒரே முகமாகத் தெரிந்தார்கள். அழகுமுத்துவுக்கு மகனை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது. கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரும்படி பின்னாலிருந்தவர்கள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"நாப்பது வருசம் பெரட்டுல நின்னேன் பிரேமி," என்றார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டைத் தவிர வேறு அணிவகுப்பை அவர் கண்டதில்லை. "தொரை வந்தா தொப்பிய கழட்டணும். இனி எம்மகனப் பாத்து அவனுங்க கழட்டுவானுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறு கையால் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்தார்.

அணிவகுப்பு முடிந்ததும், கூடாரங்களுக்குக் கீழே தேநீர் வைத்திருந்தார்கள். கோகுலராஜ் நேராக அவர்களிடம் வந்தான். தகப்பன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அக்காவின் காலையும் தொட்டான். சீருடைத் துணியின் கஞ்சி வாசனைக்குள்ளேயும் அவனுடைய பழைய வாசனை அவளுக்குத் தெரிந்தது. காய்ச்சலில் கிடந்த அவனைத் தோளில் போட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்த நாளின் வாசனை. தோளில் நட்சத்திரம் பளபளத்தது. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தையை அவள் சொன்னாள்.

"தம்பி, புள்ளய வாங்கு."

அவன் தயங்குவான், சுற்றுமுற்றும் பார்ப்பான், பிறகு வாங்குவான் என்று நினைத்திருந்தாள். அவன் ஒரு கணமும் தயங்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, உயரத் தூக்கி, நெற்றியில் முத்தமிட்டான். பிள்ளை சட்டைப் பித்தளைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவன் இழுக்க விட்டான். பிரேமினிக்குக் கண் நிறைந்தது. முடிந்தது, ஷாமிலா கேட்டது கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பதறிப் பைக்குள் போனைத் தேடினாள். எடுத்தபோது அழகுமுத்து கை நீட்டினார்.

"குடு. நான் எடுக்குறேன். நீயும் கூட நில்லு."

"நான் வேணாம்ப்பா. அவங்க ரெண்டு பேரும் மட்டும்..."

"நில்லுன்னா நில்லு."

அந்த நேரம் கோகுலராஜின் தோழன் ஒருவன், தன் தாய் தகப்பனோடு அந்தப் பக்கம் வந்தான். பிள்ளையைப் பார்த்துவிட்டு, அப்படியே உன் மூஞ்சியடா என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். கோகுலராஜும் சிரித்தான். இவன் என் அக்காவின் மகன், எங்கள் ஆட்களில் பிள்ளை மாமனைக் கொண்டுதான் பிறக்கும் என்றான். சிரித்த முகம் மாறாமல் அக்கா பக்கம் திரும்பித் தமிழில் பேசினான்.

"அக்கா, தையில எனக்கு லீவு கெடைக்காது. காதுகுத்துக்கு வர மாட்டேன். மாமன் செய்ய வேண்டியத இப்பவே செஞ்சிடுறேன்."

அழகுமுத்து கோட்டின் உள்பையிலிருந்து சிவப்பு நிறச் சிறு பெட்டியை எடுத்து மகனிடம் நீட்டினார். அது மாத்திரை அல்ல என்பது பிரேமினிக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே ஒரு சோடிக் கடுக்கன். புதுப் பவுன். ஹட்டன் கடைவீதியில் வாங்கியது; கடைப்பெயர் மூடியில் இருந்தது.

மாமன் கொடுப்பதைப் பிள்ளையின் தாய் முந்தானையில் ஏந்தி வாங்க வேண்டும். கையால் வாங்கக் கூடாது. நாலு பேர் பார்க்க ஏந்தி வாங்கிய பிறகு, அந்தப் பொன்னையும் திருப்பிக் கொடுப்பதில்லை, அந்த உறவையும் திருப்பிக் கொடுப்பதில்லை. யார் ஏந்தினாள் என்ற ஒரே கேள்வியில் பிள்ளை வழக்குகள் தீர்ந்த கதைகள் தோட்டங்களில் பல உண்டு.

"ஏந்து," என்றார் அழகுமுத்து, போனை உயர்த்திப் பிடித்தபடி. "ஏந்து பிள்ள. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

அந்த இடத்தில் அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடந்திருக்கலாம். தம்பியின் முகத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட, அவனைத் துடைத்துக் குளிப்பாட்டி வளர்த்த கைக்கு அந்த உரிமை இருந்தது. இவற்றில் எதுவும் நடக்கவில்லை. அவள் கை தோளுக்குப் போனது. கல்யாணச் சேலையின் முந்தானையை எடுத்தது. இரண்டு கையும் சேர்ந்து அதை விரித்துப் பிடித்தன. பிறந்ததிலிருந்து கண்ட பழக்கத்தில் கை தானாகப் போனது என்று பிற்பாடு அவள் சொல்லிக்கொண்டாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாளா என்பது தெரியவில்லை.

கடுக்கன் இரண்டும் முந்தானையில் விழுந்தன. அழகுமுத்து போட்டோ எடுத்தார். தோழனின் தாய் கைதட்டினாள்.

பிரேமினி குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, ஷாமிலாவுக்கு நீ சொன்னது?"

அவன் இன்னும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தான். உதடு அதிகம் அசையாமல் பதில் சொன்னான்.

"அக்கா, எனக்கு அஞ்சு வயசுல அம்மா போயிட்டாங்க. நீங்கதான் வளத்தீங்க. நான் ஒண்ணும் கெட்டுப் போயிடலயே? நீங்க வளத்தா இவனும் நல்லா வருவான்."

"அவ பெத்தவடா."

"அவள நான் சும்மா விட்டுட மாட்டேன். குவைத்துக்கு ஆள் அனுப்புற ஒருத்தர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். நல்ல வீடா பாத்துத் தருவாரு."

பிள்ளையை அவள் இடுப்பில் வைத்துவிட்டு, மேலதிகாரிகள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி நடந்தான். பொத்தானை விட மனமில்லாமல் பிள்ளை கொஞ்சம் அழுதது.

திரும்பி வந்த ரயிலில் அழகுமுத்து இறால் வடை வாங்கித் தின்றார். மகளுக்கும் ஒன்று நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க? ஒனக்கும் புள்ளயாச்சு. அவனுக்கும் வழியாச்சு. பிரதாப்புட்ட நேத்தே போன்ல பேசிட்டேன். அவருக்குச் சந்தோசம்."

"ஷாமிலா கதி என்னப்பா?"

"அவ சின்னப் புள்ள. இன்னொண்ணு பெத்துக்குவா." வடைத்தாளை ஜன்னலுக்கு வெளியே விட்டார். "நீ பெத்துக்குவியா?"

கடுக்கனை முடிந்துவைத்த முந்தானை முடிச்சை ஹட்டன் வரும்வரை அவள் அவிழ்க்கவில்லை. பிள்ளை அதைப் பிடித்து விளையாடியபடியே வந்தது.

லயத்தை அடைந்தபோது ஷாமிலா பீலிக்கரையில்தான் நின்றாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, தூக்காமல் விட்டிருந்தாள். அவளைக் கண்டதும் பிள்ளை துள்ளியது. வாங்கி அணைத்துக்கொண்டு, மூச்சிரைக்கக் கேட்டாள்.

"தூக்குனாரா மதினி?"

"தூக்குனான்."

"போட்டோ?"

பிரேமினி போனைக் கொடுத்தாள். படத்தைப் பார்த்த ஷாமிலாவின் முகம் முதலில் மலர்ந்தது. கோகுலராஜ் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான், நட்சத்திரம் தெரிந்தது, நீலச் சட்டை நன்றாக விழுந்திருந்தது. பிறகு அவள் பார்வை படத்தின் மறுபாதிக்கு நகர்ந்தது. சேலையின் முந்தானை. அதை விரித்துப் பிடித்த இரண்டு கைகள். அதில் இரண்டு பொட்டுப் பொன்.

தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெகு நேரம் பார்த்தாள். குடத்திலிருந்து தண்ணீர் அவள் காலில் ஓடியது.

"நீங்க ஏந்துனீங்களா?"

பிரேமினி முந்தானை முடிச்சைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

ஷாமிலா போனைத் திருப்பிக் கொடுத்தாள். தொப்பியைச் சரிசெய்து, பிள்ளையையும் திருப்பிக் கொடுத்தாள்.

"சரிங்கக்கா," என்றாள்.

அன்றிலிருந்து மதினி என்று அவள் அழைக்கவில்லை.

தை மாதத்தில் காது குத்தினார்கள். நோர்வூட்டிலிருந்து ஆசாரி வந்தார். மாமன் வரவில்லை, மாமன் கொடுத்த கடுக்கன் வந்திருந்ததால் அது குறையாகப் பேசப்படவில்லை. பிள்ளை அழகுமுத்து மடியில் இருந்தது. கிஷாந்த் அன்று வேலைக்குப் போயிருந்தான். அழுகைச் சத்தம் இரண்டு காம்பரா தள்ளியும் கேட்டது. ஷாமிலா வெளியே வரவில்லை.

அடுத்த மாதம் அவள் குவைத்துக்குப் போனாள். கைக்குழந்தை உள்ள தாய்க்கு அப்போது வெளிநாட்டு வேலைக்கு அனுமதி கிடைப்பது கடினம். அவளுக்குக் கிடைத்தது. விசாரிக்க வந்தவர்களிடம், அவளுக்குப் பிள்ளை இல்லை என்று லயமே சொன்னது. பிரேமினியும் சொன்னாள். ஷாமிலா இரண்டு தடவை ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டாள், ஊருக்கு வரவில்லை. கிஷாந்தின் பெயருக்குப் பணம் அனுப்புகிறாள். பிள்ளையைப் பற்றி அவனிடம் கேட்பதில்லை.

கோகுலராஜ் 2021இல் ஓர் ஆசிரியையை மணந்தான். மறுவருடம் பெண் குழந்தை பிறந்தது. லீவு கிடைக்கும்போதெல்லாம் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வருகிறான். கோபிஷன் அவனை மாமா என்றும், பிரேமினியை அம்மா என்றும் கூப்பிடுகிறான். அந்த இரண்டாவது சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் பிரேமினி திரும்பிப் பார்க்கிறாள். சொல்லின் இனிப்பு குறையவில்லை.

கடந்த தீபாவளிக்கு இரண்டு பிள்ளைகளும் முற்றத்தில் கை கோத்து மத்தாப்புப் பிடித்தார்கள். அழகுமுத்து பார்த்துச் சிரித்தார். வயது எழுபதை நெருங்குகிறது, மறதி வந்துவிட்டது. எதையெல்லாம் மறந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

"மாப்பிள்ள தேடி அலைய வேணாம்," என்றார். "சோடிப் பொருத்தத்தப் பாருங்க."

லயத்தில் சிலர் தலை குனிந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சிரித்தார்கள். கோகுலராஜின் மனைவியும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோகுலராஜ் அடுத்த மத்தாப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. இந்தக் கல்யாணப் பேச்சை ஒருநாள் நிறுத்த வேண்டியவள் தான் ஒருத்திதான் என்பதும், நிறுத்துவதற்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் எது என்பதும், அதைச் சொன்ன மறுகணம் தன்னை அம்மா என்று கூப்பிட யாரும் இருக்கமாட்டார்கள் என்பதும் பிரேமினிக்குத் தெரியும். பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கோபிஷனுக்கு வயது ஏழு. கோகுலராஜின் மகளுக்கு மூன்று.